நான் சாகாமல் முடிந்த வான்போர்

இதைக் கையில் எடுத்திருப்பவர் ஐயாவாயினும் அம்மணியாயினும், முதற்கண் தங்களுக்கு என் மரியாதை உரித்தாகுக. நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளியில் அமர்ந்தவன் அல்லன். எஞ்சியதைக் கிளை நூலகத்திலும், கடலைப் பொட்டலமாய் வந்த செய்தித்தாள்களிலும் கற்றேன். ஆகவே நடையில் குற்றம் காணின் பொறுத்தருள்க. செய்தியில் குற்றம் இல்லை. நான் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போர் விமானியாக இருந்ததையும், எனக்கு மரணம் விதிக்கப்பட்டிருந்ததையும், என் மனைவி அதற்கு இசையாமையால் போரே வேறு விதமாக முடிந்ததையும் இங்கு எழுதுகிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பின் வந்த ஐந்தாறு ஆண்டுகளுக்குள் நடந்தது இது. அப்போது நான் வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியின் பேக்கிங் பிரிவுக்குப் பொறுப்பாளன். என் மனைவி அதே கம்பெனியில் செக்கிங் மேசையில் இருந்தாள். தைத்து வரும் ஒவ்வொரு பீஸையும் விளக்கடியில் விரித்துப் பார்ப்பது அவள் பணி. ஓட்டை இருந்தால் இழை தெரியாமல் தைத்து மூடுவாள். கறை இருந்தால் மருந்துத் துப்பாக்கியால் பீய்ச்சிப் போக்குவாள். குறை தீர்ந்த பின் மார்பில் விரல்நகம் அளவில் ‘பாஸ்’ என்ற ஒட்டுத்தாளை ஒட்டி எனக்கு அனுப்புவாள். அவள் பாஸ் செய்த பீஸ் ஒன்றேனும் திரும்பி வந்ததாக நான் அறியேன். கல்யாண வீட்டுப் பந்தியில் அமர்ந்தால்கூட எதிர் வரிசைக்காரரின் சட்டையில் பிரிந்த நூலைத்தான் முதலில் காண்பாள்.

முதலாளி என்னைவிட ஏறத்தாழ இருபது வயது இளையவர். என்னை ‘அண்ணா’ என்றே விளிப்பவர். அவர் ஒரு நாள் வெளிநாட்டுப் போர்ப்படம் ஒன்றின் குறுந்தகட்டைக் கொண்டுவந்து, உணவு இடைவேளையில் அலுவலகக் கணினியில் ஓடவிட்டார். தம் நாட்டின் வானத்தைக் காக்க இளைஞர் சிலர் போர் விமானம் ஏறிச் செல்லும் கதை. அதை முடிக்க எங்களுக்கு மூன்று இடைவேளைகள் ஆயின. மூன்றாம் நாள் ஒரு விமானி கடலில் விழுந்தபோது பவர் டேபிளில் தைக்கும் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். முதலாளி பிசைந்த சோற்றைக் கையில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். படம் முடிந்ததும் அவர் சொன்னது ஒரே வாக்கியம்: “இதை நம்மளே எடுக்கலாமுங்ண்ணா.”

ஆயுத பூசையன்று எங்கள் கம்பெனி முற்றத்தில் திரை கட்டிப் படம் காட்டுவது வழக்கம். அந்த ஆண்டு வாடகைப் படம் வேண்டாம், கம்பெனியே எடுத்த படம் ஓடும் என்று அறிவித்துவிட்டார். அவருக்குத் தெரிந்த வேலைமுறை ஒன்றே ஒன்று. படத்தையும் அவர் ஓர் ஏற்றுமதி ஆர்டராகவே நடத்தினார். முதலில் சாம்பிள், பிறகு ஒப்புதல், பிறகு உற்பத்தி. ஆயுத பூசை ஷிப்மெண்ட் தேதி. சுவரில் அட்டவணை ஒட்டினார். அதில் ‘எதிரி விமானம், இரண்டாவது ஞாயிறு, சாவு’ என்று எழுதப்பட்டிருந்தது.

கதையில் ஒரு சிக்கல் எழுந்தது. நம் நாடு எது என்பதில் ஐயமில்லை. எதிரி நாடு எது என்று கட்டிங் மாஸ்டர் கேட்டார். அவர் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர். கட்டுமஸ்தான உடலும் அடர்ந்த தலைமுடியும் உடையவர். ஆகையால் கதாநாயக விமானி அவரே. முதலாளி நெடுநேரம் யோசித்து, எந்த நாட்டின் பெயரையும் சொல்லக் கூடாது என்றார். எந்த நாட்டிலிருந்து அடுத்த ஆர்டர் வரும் என்று யாருக்குத் தெரியும்? சரக்கு வாங்க வந்த பையர் தற்செயலாகப் படத்தைப் பார்த்துவிட்டால் என்ன ஆவது? ஆகவே எதிரி நாட்டுக்குப் பெயர் இல்லை, கொடியும் இல்லை. அதன் ஆட்கள் சாம்பல் நிறத் துணி அணிவார்கள், அவ்வளவே. அந்தச் சாம்பல் துணியும் முந்தைய ஆர்டரில் எஞ்சிய தடித்த குளிர்காலத் துணிதான்.

எதிரியாக நடிக்க ஒருவரும் முன்வரவில்லை. நான் முன்வந்தேன். ஐயா, அம்மணி, உண்மையை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: எனக்குச் சிறு வயது முதல் நடிப்பில் தீராத ஆசை. மேடை ஏறும் வாய்ப்பு ஒரு முறையும் அமையவில்லை. வேலை, பிள்ளைகள், அவர்களின் கல்யாணம் என்று ஐம்பத்தெட்டு வயது ஆகிவிட்டது. இனி இப்படி ஒன்று வராது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதிலும் எதிரி விமானிக்குத்தான் மரணக் காட்சி இருந்தது. கதாநாயகன் கடைசியில் சும்மா நின்று வணக்கம் வைப்பான். சாகிறவனைத்தான் சனங்கள் நினைவில் வைப்பார்கள். எனக்குரிய இறுதி வசனத்தை நானே எழுதிக்கொள்ள முதலாளி அனுமதித்தார். பதினாறு வரி எழுதினேன். ‘ஓ வானமே, உன்னை அளந்த என் சிறகுகள் இதோ மடிகின்றன’ என்று அது தொடங்கும்.

அதை வீட்டில் பயின்றேன். குண்டு பட்டவன் உடனே விழக் கூடாது. முதலில் வியப்படைய வேண்டும், பிறகு நாட்டை எண்ண வேண்டும், பிறகே முழங்கால் மடிய வேண்டும் என்று எனக்கு நானே வகுத்துக்கொண்டு, பீரோக் கண்ணாடி முன்னால் நாள்தோறும் இருமுறை மடிந்தேன். மூன்றாம் நாள் நான் தரையில் கிடந்து பன்னிரண்டாம் வரியில் இருந்தபோது, என் மனைவி அரிசி களைந்த கையோடு வாசற்படியில் வந்து நின்றாள்.

“ஏனுங்க, என்ன பண்றீங்க?”

“செத்துக்கிட்டு இருக்கறேன்” என்றேன். நடிப்பில் ஆழ்ந்திருந்தமையால் அவ்வாறு வந்துவிட்டது.

அன்று முதல் அவள் முகம் மாறியது. அதற்குக் காரணம் உண்டு. குன்னத்தூரில் அவள் தகப்பனார் ஒரு முறை கோயில் நாடகத்தில் அரசனாக நடித்து, மேடையில் இறந்து, மாலை போட்டு, நெற்றியில் காசும் ஒட்டிக் கிடத்தப்பட்டார். எட்டாம் நாள் வாய்க்கால் வரப்பில் வழுக்கி இடுப்பு எலும்பு முறிந்தது. அதன் பின் ஆயுள் முழுக்க ஒரு பக்கமாகச் சாய்ந்தே நடந்தார். வரப்பில் பாசி பிடித்திருந்தது என்று நான் கல்யாணமான நாள் முதல் சொல்லி வந்திருக்கிறேன். எட்டாம் நாள் வரைக்கும் அதே பாசியில் ஏன் வழுக்கவில்லை என்று அவள் கேட்பாள். 

முதலாளி வீட்டுக்கே வந்து சமாதானம் பேசினார். மாலை போட மாட்டோம், காசு ஒட்ட மாட்டோம், கோடித் துணி போர்த்த மாட்டோம் என்று ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தார். இறுதியில், ஒருவர் செத்துவிட்டதாகப் புரளி கிளம்பினால் அவருக்கு ஆயுள் கெட்டி என்பார்களே, அதைப் போல இதையும் எடுத்துக்கொள்ளலாமே என்றார்.

“அது அடுத்தவங்க சொன்னா கெட்டிங்க. இவுரே போயிப் படுத்துக்கிட்டா என்னங்க கெட்டி?” என்று கேட்டுவிட்டு அவருக்குக் காப்பி கொடுத்தாள். அவர் காப்பியைக் குடித்துவிட்டுச் சம்மதம் கிடைத்துவிட்டதாகவே எண்ணிக்கொண்டு போனார். நானும் அப்படித்தான் எண்ணினேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை உடுமலைப்பேட்டைப் பக்கம் காற்றாலைகள் நிற்கும் பொட்டல் வெளிக்குப் போனோம். எங்கள் விமானங்கள் இரண்டும் ஏற்றுமதி அட்டைப் பெட்டிகளால் ஆனவை. நம் நாட்டு விமானத்துக்கு மூவர்ணம் பூசியிருந்தார்கள். என்னுடையதற்கு வண்ணம் போதவில்லை. பெட்டியில் அச்சாகியிருந்த குடைப் படமும் கண்ணாடிக் கோப்பைப் படமும் மேல்நோக்கிய அம்புக்குறியும் இறக்கைகளில் அப்படியே இருந்தன. பிற்பாடு படம் பார்த்தவர்களில் பலர் அவற்றை எதிரி நாட்டின் அரச முத்திரை என்றே கருதினார்கள். விமானத்தைச் சரக்கு டெம்போவின் பின்தட்டில் கயிற்றால் கட்டி, உள்ளே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, அதில் விமானி அமர்வான். டெம்போ ஓட, மற்றொரு டெம்போவில் இருந்து வீடியோக்காரர் படம் பிடிப்பார். தலைக்கு மோட்டார் சைக்கிள் ஹெல்மெட். கட்டிங் மாஸ்டர் தம் தொழிலுக்குரிய இரும்பு வலைக் கையுறையை அணிந்திருந்தார். துணி வெட்டும் கத்தி விரலைத் தொடாமல் காப்பது அது. வெயிலில் அது மின்னியபோது மெய்யாகவே அவர் ஒரு விமானியாகத் தோன்றினார் என்பதை எதிரியாகிய நானே ஒப்புக்கொள்ள வேண்டும்.

வீடியோக்காரர் கல்யாணம் மட்டுமே எடுத்துப் பழகியவர். போர் தொடங்குமுன் எங்கள் இருவரையும் அருகருகே நிற்கவைத்து, கொஞ்சம் சிரிக்கச் சொன்னார். பிறகு கேமராவைக் கீழே இருந்து மேலாக நகர்த்தி, பாதத்தில் தொடங்கி முகத்தில் முடித்தார்.

முதல் ஓட்டத்திலேயே காற்று என் இடது இறக்கையைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. நாங்கள் திகைத்து நிற்கையில், சற்று நேரத்தில் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் அதைத் தோளில் சுமந்தவாறு வந்தார். “உங்க ரெக்கை எங்க தோப்புல வந்து உளுந்துருச்சுங்க” என்று மரியாதையாக ஒப்படைத்துவிட்டு, ஒரு விமானி நாற்காலியிலிருந்து இறங்கி நன்றி சொல்வதைக் கண்டும் எதுவும் கேளாமல் திரும்பிப் போனார். அத்தகைய மனிதர்கள் நிறைந்த பூமி அது.

மாலைக்குள் நான் சுடப்பட்டேன். முதலாளி ஊதுபத்தி நெருப்பால் என் உடுப்பின் மார்பில் ஐந்து ஓட்டைகள் இட்டு, சாயப்பட்டறையில் இருந்து கொண்டுவந்த சிவப்புச் சாயத்தைத் தடவினார். நான் வியந்தேன், நாட்டை எண்ணினேன், முழங்கால் மடிந்தேன். பெயர் இல்லாத நாட்டை எண்ணுவது எளிதன்று; ஆயினும் எண்ணினேன். அதற்குள் வெளிச்சம் குறைந்துவிட்டமையால், வசனத்தோடு கூடிய சாவு அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்திவைக்கப்பட்டது. ஓட்டையும் கறையுமாக அந்த உடுப்பைக் கம்பெனியில் ஓர் ஆணியில் தொங்கவிட்டார்கள்.

இரண்டாம் ஞாயிறு என் மனைவியும் உடன் வந்தாள். செக்கிங் பெண்கள் சிலரைப் போர்முனைச் செவிலியராக நிற்கவைக்க முதலாளி அழைத்திருந்தார். அவள் மட்டும் செவிலியருக்குரிய வெள்ளைச் சீலை உடுத்தாமல், தன் வழக்கமான மஞ்சள் சீலையில் வண்டி ஏறினாள். பொட்டலில் இறங்கியதும் முதலாளி என் உடுப்பைக் கேட்டார். அவள் தன் பையைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள்.

அது நெகிழிப் பையில் இருந்தது. பிரித்து உதறினோம். ஐந்து ஓட்டைகளில் ஒன்றும் இல்லை. எந்த இடத்தில் இருந்தன என்று விரலால் தடவியும் கண்டுபிடிக்க இயலவில்லை. கறை போயிருந்தது. இஸ்திரி மடிப்பு கத்தி போல் நின்றது. மார்பில் ‘பாஸ்’ ஒட்டுத்தாள்.

முதலாளி அந்த உடுப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பனியன் கம்பெனிக்காரர் என்ற முறையில் அவருக்கு அந்த வேலைப்பாட்டைக் குறை சொல்ல மனம் வரவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

“ஏனுங்க்கா, இதெ எதுக்குங்க சரி பண்ணீங்க?”

“டேமேஜ் பீஸுங்க. ஆணியில தொங்குச்சு. பாத்துட்டு எப்படிங்க உடறது?”

“அக்கா, அண்ணன் செத்தாத்தானுங்க சண்டை முடியும்.”

“அப்பச் சண்டை நடக்கட்டுமுங்க” என்றாள்.

அருகே நின்ற செக்கிங் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். முதலாளி ஊதுபத்தி கொளுத்தினார். ஆனால் அன்று காற்றாலைகள் அனைத்தும் ஓயாமல் சுழல்கிற அளவுக்குக் காற்று. பத்தியில் நெருப்பு நிற்கவே இல்லை. ஒருவாறு மூன்று ஓட்டைகள் இட்டார். சாய டப்பாவைத் தேடினால் அது வந்து சேரவே இல்லை. போன வாரமே கறை பட்டுவிட்ட உடுப்புக்கு இந்த வாரமும் சாயம் தேவைப்படும் என்று எவர் நினைத்தார்? ரத்தம் இல்லாமல் வெறும் ஓட்டையோடு சாகலாமா என்று யோசனை நடந்தது. கட்டிங் மாஸ்டரோ தம் விமானத்தில் அமர்ந்தபடி இரும்புக் கையுறையை ஊதிக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, எப்படியாச்சும் வெரசாச் செத்துருங்களேன். இந்த இரும்புக்குள்ள கை வெந்து போச்சு” என்றார்.

அப்போது வீடியோக்காரர், கல்யாண வீடுகளில் பெற்ற அனுபவத்தால், எளிதான வழி ஒன்று சொன்னார். அக்காவின் பையில் குங்குமச் சிமிழ் இருக்கும். தண்ணீரில் குழைத்துத் தடவினால் கேமராவுக்கு ரத்தம் போலவே தெரியும்.

என் மனைவி அவரைப் பார்த்தாள். அவள் குரல் உயரவில்லை. ஆனால் அதுவரை பேசிய குரலும் அன்று.

“அது இவுரு இருக்கறதுக்கு வெக்கறதுங்க” என்றாள். பிறகு முதலாளியிடம் திரும்பி, “அதெ எடுத்து இவுரு சாகறதுக்குப் பூசச் சொல்றீங்களா, சாமி?”

 வீடியோக்காரர் கேமராவின் மூடியைப் போட்டுவிட்டார். முதலாளி ஊதுபத்தியைக் கீழே போட்டு மிதித்தார். நான் அந்த உடுப்புக்குள், மூன்று ஓட்டைகளோடும் பதினாறு வரிகளோடும் நின்றுகொண்டிருந்தேன். ஐயா, அம்மணி, அவ்வேளையில் என் மனம் எந்தப் பக்கம் நின்றது என்று கேட்டால், வெட்கத்தோடு சொல்கிறேன், சாகும் பக்கமே நின்றது. இத்தனை பயிற்சியும் வீணாகிறதே என்றுதான் முதலில் வருந்தினேன். அதன் பிறகுதான் அவள் கையைப் பார்த்தேன். நூல் கோத்த ஊசி ஒன்று அவள் விரல்களுக்கிடையில் தயாராக இருந்தது. நாங்கள் இன்னும் எத்தனை ஓட்டை போட்டாலும் அத்தனையையும் மூடிவிட்டுத்தான் அவள் ஊர் திரும்புவாள்.

“நான் சாகலீங்க மொதலாளி” என்று அவரிடம் கூறினேன். “சரணடைஞ்சிடறேன்.”

அவள் என்னை அங்கேயே நிற்கவைத்து, உடுப்பைக் கழற்றவும் விடாமல், மூன்று ஓட்டைகளையும் தைத்து மூடினாள். உடம்பில் இருக்கும் துணியைத் தைக்கையில் அணிந்திருப்பவர் வாயில் நூலைக் கவ்விக்கொள்ள வேண்டும் என்பது அவள் வழக்கம். ஆகவே எதிரி நாட்டு விமானி வாயில் ஒரு சாம்பல் நூலோடு சற்று நேரம் நின்றான். அவள் ஊசியை எடுத்ததும் காட்சி தொடங்கிற்று.

என் வசனத்தை அந்த இடத்திலேயே திருத்தினேன். ‘என் சிறகுகள் இதோ மடிகின்றன’ என்பதை ‘இதோ வீடு திரும்புகின்றன’ என்று மாற்றினேன். பதினாறு வரியையும் நின்றபடியே, உயிரோடு, சொல்லி முடித்தேன். கட்டிங் மாஸ்டருக்கு இதற்குரிய வசனம் எழுதப்படவில்லை. சாகாத எதிரியை என்ன செய்வது என்று தெரியாமல் சிறிது நின்றவர், டெம்போவில் இருந்த பிளாஸ்கை எடுத்து, அதன் மூடியில் தேநீர் ஊற்றி என்னிடம் நீட்டினார். நான் குடித்தேன். போர் முடிந்தது.

ஆயுத பூசை மாலையில் இயந்திரங்களுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் இட்டு, பொரி கடலை வழங்கிய பின் படம் ஓடிற்று. வீடியோக்காரர் தம் பழக்கப்படியே அதைத் தொகுத்திருந்தார். விமானங்கள் ஒரு ரோசாப்பூவின் நடுவிலிருந்து விரிந்து வந்தன. நான் சுடப்பட்ட காட்சி இதய வடிவச் சட்டத்துக்குள் அமைந்து, சுற்றிலும் பூவிதழ்கள் உதிர்ந்தன. நான் ரத்தம் வடிய விழுந்தேன்.  அடுத்த கணமே, மடிப்புக் கலையாத தூய உடுப்பில், மார்பில் ‘பாஸ்’ ஒட்டுத்தாளோடு எழுந்து நின்றேன். அந்த ஒட்டுத்தாளை எடுக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தினமும் பார்க்கும் பொருள் கண்ணில் படுவதில்லை.

பவர் டேபிள்காரர்கள் அமர்ந்திருந்த பக்கமிருந்து ஒரு குரல், “டேமேஜ் பீஸு ரீசெக்குல பாஸாயிருச்சுடோய்” என்றது. அதன் பிறகு என் பதினாறு வரியில் ஒன்றுகூட யாருக்கும் கேட்கவில்லை. ஒடிசாவிலிருந்து வந்திருந்த பிள்ளைகள், மொழி புரியாதவர்கள், கைதட்டிக் கைதட்டி ஓய்ந்தார்கள். எதிரிக்குத் தேநீர் கொடுத்த இடத்தில் முதலாளியே எழுந்து நின்று சிரித்தார்.

நான் பெண்கள் பக்கம் பார்த்தேன். படத்தில் நான் விழுந்த அந்த இடத்தில், அவ்வளவும் தெரிந்திருந்தும், தானே தைத்திருந்தும், அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். நான் எழுந்துவிட்டேன் என்று பக்கத்துப் பெண் சொல்லித் தோளைத் தட்டிய பிறகே விலக்கினாள். இருவரும் வீடு திரும்பினோம். பாதித் தெரு வந்ததும் அவளே சொன்னாள்.

“உளுந்தது நல்லாத்தானுங்க இருந்துச்சு.”

எனக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றே. அதுவும் எதையும் எளிதில் பாஸ் செய்யாத ஒருவரிடமிருந்து.

படம் ஓடியதற்கு எட்டாம் நாள் மட்டும் அவள் என்னை வேலைக்கு விடவில்லை. குளியலறைக்குப் போகும் வழியெல்லாம் சாக்கு விரித்திருந்தாள். நான் வழுக்கவில்லை. அந்த உடுப்பு இன்றும் பீரோவில் நெகிழிப் பையில் இருக்கிறது. மார்கழிக் குளிரில் எடுத்து அணிகிறேன். நல்ல தடித்த துணி.

படம்தான் இல்லை. ஒரே ஒரு கேசட்டில் அது இருந்தது. மறு ஆண்டு முதலாளி வீட்டில் காதுகுத்து விழா வந்தபோது, வேறு கேசட் கைக்கு எட்டாமையால் வீடியோக்காரர் அதன் மேலேயே பதிந்துவிட்டார். காதுகுத்து தொடங்குவதற்கு முன் நொடி நேரம் ஒரு காற்றாலையும், குடைப் படம் அச்சிட்ட இறக்கை ஒன்றும் தெரியும் என்பார்கள். நான் தெரிவதில்லை.

ஆகவே, நான் பறந்ததற்கும், சாக இருந்ததற்கும், சாகாமல் வந்ததற்கும் இந்தத் தாள்களைத் தவிர வேறு சான்று இல்லை. இதைத் தயவுசெய்து எறிந்துவிடாமல் வைத்திருங்கள்.